வேடசந்தூரும் புகைத் தடையும்

புகையிலை என்றதும் திண்டுக்கல் சீமையை நினையாதவர் இல்லை. திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று இங்கிலாந்து வரையில் பெயர் பெற்ற சுருட்டுக்கு இலை கொடுத்தது இச்சீமையே. வேடசந்தூரில் 1948-ஆம் வருஷத்திலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிதமாயிற்று. அப்படிப்பட்ட ஊரிலிருந்து, பூங்காவிலும் விளையாட்டு மைதானத்திலும் புகை பிடித்தலாகாது என்ற குரல் எழ வேண்டுமென்று நாம் சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் புகையிலையை நன்கறிந்த ஊரே இதில் முதலில் பேசத் தக்கது என்பது நம் அபிப்பிராயம்.

சட்டத்தின் நிலை யாதெனப் பார்ப்போம். 1999-ல் கேரள ஹைகோர்ட்டார் பொது இடங்களில் புகை பிடித்தல் கூடாதெனத் தீர்ப்பளித்தனர். 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நியாயஸ்தலம், நூல்நிலையம், ரயில் முதலியவற்றில் தேசமெங்கும் தடை விதித்தனர். 2003-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின் நான்காவது பிரிவு அத்தடையை நிலைநிறுத்திற்று; மீறினால் 200 ரூபாய் வரையில் அபராதம். ஆயினும், பொது இடம் இன்னதென்று வரையறுக்கப் புகுந்த அச்சட்டம், திறந்தவெளி நீங்கலாக என்று சொல்லி ஒரு வாசலைத் திறந்து வைத்தது. 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, அமலுக்கு வந்த விதிகள் அவ்வாசலைப் பாதி சாத்தின. திறந்தவெளி அரங்கு, ஸ்டேடியம், ரயில்வே ஸ்டேஷன், பஸ் நிலையம், இவை போன்ற பிற இடங்கள் ஆகியவற்றுக்கு அவ்விலக்கு இல்லையென்றன. பூங்காவை மட்டும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. "பிற இடங்கள்" என்பதில் பூங்கா அடங்கும் என்போம் நாம். அடங்காது என்று வாதிப்பான் புகைப்பவன். குழந்தைகளின் மூச்சு இந்த வழக்கு முடியும் வரையில் காத்திருக்க வேண்டுமா?

திறந்தவெளியில் புகை காற்றோடு போய்விடுமே, யாருக்கு என்ன தீங்கு என்று கேட்பர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2007-ல் இதை அளந்தே பார்த்தனர். சிகரெட் அணைந்ததும் வெளியில் புகை விரைவில் கலைந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் புகைப்பவனுக்கு ஓரிரண்டு அடி தூரத்தில் இருப்பவன், அடைத்த அறையில் இருப்பவனுக்கு ஒப்பான புகையைச் சுவாசிக்கக்கூடும் என்றும் கண்டனர். பூங்காப் பெஞ்சில் இருவருக்கு இடையே உள்ள தூரம் எத்தனை அடி? மேலும், பெரியோர் செய்வதையே சிறுவர் செய்வர். இளமையில் காந்தியடிகளே பெரியவர் எறிந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததைத் தம் சுயசரிதத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மைதானத்தில் விழும் துண்டு இன்றும் ஒரு சிறுவன் கண்ணில் படுகிறது. அதன் நுனியில் உள்ள பஞ்சு பஞ்சுமன்று. எளிதில் மக்காத ஒருவகைப் பிளாஸ்டிக்.

பிற தேசத்தார் வாளா இருக்கவில்லை. நியூயார்க் நகரம் 2011-ல் தன் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் புகையைத் தடுத்தது. பிரான்ஸ் 2025 ஜூன் 29-ஆம் தேதியிலிருந்து அவ்வாறே செய்தது. நம் தேசத்திலேயே சண்டிகர் 2007-ல் புகையற்ற நகரமென்று தன்னை அறிவித்துக்கொண்டது.

குடியானவர் வயிற்றிலடிக்கும் யோசனை இது என்று ஆட்சேபிப்பாருமுண்டு. சற்று ஆலோசிக்க வேண்டும். இப்பக்கத்தில் விளைவது மெல்லும் புகையிலையும் சுருட்டுப் புகையிலையும். மெல்லுகிறவனுக்கும் பூங்காத் தடைக்கும் சம்பந்தமில்லை. சுருட்டுப் பிடிப்பவன் தன் வீட்டுத் திண்ணையில் பிடிப்பதையும் எவரும் தடுக்கவில்லை. ஆகவே குடியானவனுக்கு இதனால் பெருநஷ்டம் நேரும் என்பது வீண் அச்சம். அவன் நலனை உண்மையில் நாடுவோர், புகையிலைக்கு ஈடாக வருமானம் தரும் மாற்றுப் பயிரையும், அதற்கேற்ற நீர் வசதியையும், நியாய விலையையும் சர்க்காரிடம் கேட்கட்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்குப்படி நம் தேசத்தில் வருஷந்தோறும் ஏறக்குறைய 13½ லட்சம் பேர் புகையிலைக்குப் பலியாகின்றனர். இந்த உண்மையை மறைத்துக் குடியானவனுக்கு நன்மை செய்ய இயலாது.

புகைப்பது தனி மனிதன் சுதந்திரம் என்பது மற்றோர் ஆட்சேபம். சுதந்திரத்தின் பொருளை நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. என் சுதந்திரம் அடுத்தவன் மூக்கினுள் புகுமாயின் அது சுதந்திரமன்று, ஆக்கிரமிப்பு.

செய்ய வேண்டியது மூன்று. ராஜ்ய சர்க்கார் பூங்காவையும் விளையாட்டிடங்களையும் பெயர் சொல்லிச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். பேரூர்ச் சபையார் அதுவரையில் தம் பொறுப்பிலுள்ள இடங்களில் புகை கூடாதெனத் தீர்மானம் செய்து பலகை நாட்ட வேண்டும். மூன்றாவது ஊழியர்களுடையது. பஸ் நிலையத்தில் தடை 2008 முதலே இருக்கிறது. அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதைப் போய் நின்று பார்ப்போர் அறிவர். அபராதச் சீட்டு மட்டும் இதை மாற்றாது. கள்ளுக்கடை வாசலில் கைகூப்பி நின்ற பரம்பரையில் வந்தவர்கள், பீடி பற்ற வைக்கும் சகோதரனிடம், "ஐயா, குழந்தைகள் இருக்கிறார்கள், சற்றுத் தள்ளிப் போய்ப் பிடியுங்கள்" என்று சொல்லக் கூச வேண்டுவதில்லை. புகையிலைக்குப் பேர் போன வேடசந்தூர் இதைச் செய்து காட்டுமாயின், செய்ய முடியாது என்று சொல்ல வேறெந்த ஊருக்கும் வாயிராது.