பாஸ்டனும் பாஞ்சாலங்குறிச்சியும்

அமெரிக்க தேசத்தின் சுதந்திர சரித்திரத்தைப் படித்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1773-ஆம் ஆண்டு டிஸம்பர் 16-ஆம் தேதி இரவு, அந்நகரவாசிகள் சிலர் மாறுவேடம் பூண்டு கப்பல்களில் ஏறி, 342 தேயிலைப் பெட்டிகளைப் பிளந்து கடலிலே கொட்டிவிட்டார்கள். தேயிலையின்மீது அவர்களுக்கு விரோதமில்லை. தங்கள் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாத பார்லிமெண்டு, கடலுக்கு அப்பாலிருந்து தங்கள்மீது வரி விதிப்பது எந்த நியாயம் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அத்தேயிலைக்குச் சொந்தக்காரர் யார் தெரியுமோ? நமக்கு நன்கு பழக்கமான கிழக்கிந்தியக் கும்பினியார்தாம்!

அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே நமது திருநெல்வேலிச் சீமையில் அத்தகைய எதிர்ப்பு எழுந்துவிட்டது. 1755-ல் கர்னல் ஹெரானும், ஆற்காட்டு நவாபின் தமையன் மாபூஸ்கானும் படையுடன் தெற்கே வந்து கப்பம் கேட்டபொழுது, நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் கொடுக்க மறுத்தார். ஹெரான் கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பினான்.

பாளையக்காரர்கள் வரி என்பதையே அறியாதவர்கள் அல்லர். மதுரை நாயக்கர் காலத்தில் கப்பம் கட்டினார்கள், படையுதவியும் செய்தார்கள். அதற்கு ஈடாகக் காவல் உரிமையும், தத்தம் பாளையத்தில் நீதி வழங்கும் அதிகாரமும் பெற்றிருந்தார்கள். கொடுப்பதும் பெறுவதுமாக இருந்த உறவு அது. மேலும், தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் நன்செய் நிலங்கள் பெரும்பாலும் சர்க்கார் வசமே இருந்தன. பாளையங்களோ மேற்கே மலையடிவாரத்திலும், கிழக்கே வானம் பார்த்த கரிசல் பூமியிலும் அமைந்திருந்தன. மழை பொய்த்த வருஷத்தில் கிஸ்தி பாக்கி விழுந்ததில் வியப்பென்ன?

இந்நிலையில் நவாப் தம் யுத்தச் செலவுகளுக்கும் டாம்பீகத்துக்குமாகக் கும்பினியாரிடமும் அவர்களுடைய உத்தியோகஸ்தர்களிடமும் கடன்மேல் கடன் வாங்கினார். கடன் முற்றவே வரி வசூல் கைமாறிற்று. 1792-ல் ஏற்பட்ட உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் நேரே கப்பம் வசூலிக்கும் பாத்தியதை கும்பினியாருக்குக் கிடைத்தது. அப்பொழுது கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபுதான் 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த சேனாதிபதி! யாரோ பட்ட கடனுக்கு யாரோ எழுதிக் கொடுத்த பத்திரம். பாரம் விழுந்ததோ கரிசல் காட்டுக் குடியானவன் தலையில்.

வீரபாண்டிய கட்டபொம்மன் ஒரு காசும் கொடேன் என்று முழங்கியதாகவே நாடகத்திலும் 1959-ல் வெளிவந்த திரைப்படத்திலும் கண்டு களித்திருக்கிறோம். சரித்திரம் காட்டும் காட்சி வேறு. 1798-ல் அவர் செலுத்த வேண்டிய பாக்கி 3,310 பகோடா என்று கணக்குக் கூறப்பட்டது. கலெக்டர் ஜாக்ஸன் அவரைப் பேட்டிக்கு அழைத்துவிட்டுத் திருக்குற்றாலத்தில் காண மறுத்து, ஊர் ஊராக அலைக்கழித்தான். செப்டம்பர் 10-ஆம் தேதி இராமநாதபுரத்தில் நடந்த பேட்டி கைகலப்பில் முடிந்தது. லெப்டினண்ட் கிளார்க் மாண்டான். மந்திரி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். சென்னைத் துரைத்தனத்தாரே விசாரித்து, ஜாக்ஸனைப் பதவியிலிருந்து நீக்கிப் பிள்ளையை விடுவித்தனர். பணம் கட்டவும் பேசவும் வந்தவரை அவமதித்தது அதிகார மமதை. இதை அறிவதால் கட்டபொம்மனின் பெருமை குறையாது. அவர் பக்கத்து நியாயம் இன்னும் துலங்குகிறது.

எனினும் பூசல் தீரவில்லை. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பிப் போராடி உயிர் துறந்தார். கோட்டை தரைமட்டமாயிற்று. 1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பிற்று.

பாஸ்டன் வென்றது, பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. காரணம் வீரக் குறைவன்று. பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களும் ஒன்றாய் நின்றன. இங்கேயோ எட்டயபுரம் கும்பினியார் பக்கம் நின்றது. புதுக்கோட்டை பிடித்துக் கொடுத்தது. வரி கொடுப்பது பிரஜையின் கடமை. அது எதற்காக, யார் சம்மதத்தின்பேரில் என்று கேட்பது அவனுடைய உரிமை. அவ்வுரிமையை ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டால் கயத்தாறு. கூடிக் கேட்டால் சுதந்திரம். நம் குழந்தைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்வோமாக.