கம்பி கட்டும் முன்பே மோதட்டும்!

மஸ்ஜித் தானாவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டினோம். பத்து ரிங்கிட், இருபது ரிங்கிட் என்று ரசீது போட்டுச் சேர்த்த பணம். தூண்கள் எழும்பி, மேல்மாடியும் வார்த்தாகிவிட்டது. கழிப்பறைக்குக் குழாய் போட வந்தவர் அண்ணாந்து பார்த்தார். குழாய் போக வேண்டிய வழியில் பீம் நின்றது. யாரையும் கேட்காமல் அதில் துளை போட்டுவிட்டார். உள்ளே இருந்த கம்பிகளும் அறுந்தன.

அடுத்து வந்த பொறியாளர் வேலையை நிறுத்தச் சொன்னார். முட்டுக் கொடுத்து, உடைத்து, கம்பி கட்டி, மறுபடி வார்த்தோம். செலவு இரட்டிப்பு. கோயில் கமிட்டியில் இருந்த பெரியப்பா கேட்டார்: "பிளான்ல குழாயும் இருந்துச்சு, பீமும் இருந்துச்சு. அப்புறம் எப்படிடா மோதுச்சு?"

இரண்டும் இருந்தன, வேறு வேறு தாள்களில். கட்டடக் கலைஞர் ஒரு வரைபடம் தந்தார், பொறியாளர் இன்னொன்று, குழாய்க்காரர் மூன்றாவது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து யாரும் பார்க்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 'பிம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரி முறை. தாள்களை நம்பாமல் கணினியிலேயே கட்டடத்தை விவரிக்கலாம் என்று 1975-லேயே எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் ஈஸ்ட்மேன். இன்று ரெவிட், டெக்லா போன்ற மென்பொருள்கள் அதைச் செய்கின்றன.

இது வெறும் முப்பரிமாணப் படம் அல்ல. சாதாரண வரைபடத்தில் பீம் என்பது இரண்டு கோடு. பிம் மாதிரியில் அதற்கு நீளம், அகலம், கான்கிரீட்டின் தரம், உள்ளே எத்தனை கம்பி என்ற விவரங்கள் எல்லாம் உண்டு. ஓரிடத்தில் அளவை மாற்றினால், அந்த மாதிரியிலிருந்து எடுக்கும் தரைப்படம், வெட்டுத் தோற்றம், பொருள் பட்டியல் எல்லாம் சேர்ந்தே மாறும். எல்லாருடைய மாதிரிகளையும் ஒன்றாக வைத்து மோதல் சோதனை செய்தால், குழாய் பீமில் இடிக்கும் இடங்களை மென்பொருளே காட்டிவிடும். திரையில் மோதினால் திருத்த ஒரு பிற்பகல் போதும். கான்கிரீட்டில் மோதினால் எங்கள் மண்டபத்தின் கதைதான்.

நம் நாட்டில் 57.7 கிலோமீட்டர் நீளமுள்ள புத்ராஜெயா எம்.ஆர்.டி. ரயில் பாதை பிம் முறையைப் பயன்படுத்திக் கட்டப்பட்டது. அதில் 13.5 கிலோமீட்டர் தரைக்கு அடியில் போகிறது. சுரங்கம், நிலையம், மின்கம்பி, காற்றுக் குழாய் என்று எத்தனையோ குழுக்கள் ஒரே இடத்துக்குப் போட்டி போடும் வேலை அது. 2023 மார்ச்சில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது.

அப்படியானால் மென்பொருள் வாங்கிவிட்டால் ஆபத்து இல்லையா? இல்லை என்று சொல்ல முடியாது. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தனர். மேல்தளத்திலிருந்து இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பி தாங்கும்படிதான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். வேலைக்குச் சுலபம் என்று அதை இரண்டு துண்டுக் கம்பிகளாக மாற்றினார்கள். அதனால் மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரண்டு மடங்கானது. மாற்றம் வரைபடத்தில் ஏறியது, கணக்கை யாரும் மறுபடி போடவில்லை. அங்கே எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மோதல் சோதனை மட்டும் நடத்தியிருந்தால் 'பிழை இல்லை' என்றே வந்திருக்கும்.

ரெவிட் கற்றுக்கொண்டு கோலாலம்பூரில் வேலை செய்யும் என் சித்தப்பா மகனும் இதைத்தான் சொல்கிறான்: "அக்கா, பட்டன் அழுத்துறதை மூணு மாசத்துல கத்துக்கலாம். இந்த பீம் ஏன் இங்க இருக்குன்னு கேக்கத் தெரியணும்."

நமக்கு இதில் என்ன? 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட அரசாங்கத் திட்டங்களுக்குத்தான் முதலில் பிம் என்றார்கள். இப்போது அந்த வரம்பு கீழே இறங்கி வருகிறது. கம்பி கட்டுவது, குழாய் போடுவது, ஒயரிங் என்று துணைக் குத்தகை எடுக்கும் நம்மவர்கள் ஏராளம். மாதிரியைத் திறந்து பார்க்கத் தெரியாதவருக்கு நாளை வேலை கிடைப்பது சிரமம்.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு வழி தூரத்தில் இல்லை. மெர்லிமாவ் பொலிடெக்னிக்கில் சிவில் பொறியியல் டிப்ளோமா உண்டு. கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் 'மைபிம்' மையம் பயிற்சி தருகிறது. தகுதியுள்ள மாணவர்களுக்கு ரெவிட் இலவசம். வீட்டில் விளையாட வாங்கிய கணினி ஓரளவு வேகமானதாக இருந்தால் அதிலேயே பழகலாம்.

அடுத்த முறை உங்கள் ஊரில் கோயிலோ மண்டபமோ கட்ட ரசீதுப் புத்தகம் வந்தால், பணம் கொடுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: "எல்லா வரைபடத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது யார்?" அதற்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். எங்கள் மண்டபத்தில் அந்தக் கேள்வியை பெரியப்பா கேட்டபோது பீம் காய்ந்திருந்தது.