எட்டாவது இடத்துக்கு எத்தனை பாயின்ட்? ஒரு சுவிஸ் ரேலி ஓட்டுநரின் கணக்கு

மான்டே கார்லோ ரேலியின் பழைய முடிவுப் பட்டியல்களைக் கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். மேலே இருக்கும் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: சைன்ஸ், மாக்கினென், லோப். கீழே இறங்கினால் வேறு சில பெயர்கள் வருஷா வருஷம் தட்டுப்படும். அதில் ஒன்று ஒலிவியே புர்ரி (நம்ம ஊர் பூரிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை).

சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் ஜூரா மலைப்பகுதிக்காரர். 1990களில் ஆரம்பித்து 2010கள் வரைக்கும் மான்டே கார்லோவில் திரும்பத் திரும்பக் கலந்துகொண்டவர். சொந்த நாட்டின் பெரிய ரேலியான வாலே ரேலியைப் பல தடவை ஜெயித்தவர். அவர் மகன் மிக்காயெலும் ரேலி ஓட்டுநர்தான். ஆனால் அப்பா கடைசிவரை உலகப் போட்டிகளில் பிரைவேட்டர். அதாவது கார் கம்பெனி சம்பளம் கொடுத்து ஓட்டச் சொன்ன ஆள் இல்லை. ஸ்பான்சர் தேடி, கைக்காசும் போட்டு, காரை வாடகைக்கோ விலைக்கோ எடுத்து ஓட்டுகிற ஆள்.

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் பிரைவேட்டர்? பதிலில் பாதி சுவிட்சர்லாந்தின் சரித்திரத்தில் இருக்கிறது.

1955 ஜூனில் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்து 80 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதன் பிறகு சுவிட்சர்லாந்து தன் மண்ணில் சர்க்யூட் பந்தயத்தை நிறுத்தியது. 1958 சாலைச் சட்டத்தில் அந்தத் தடையை எழுதியும் வைத்தது. 1954 வரை பெர்ன் நகரில் கிராண்ட் பிரீ நடத்திய நாடு அது. 1982இல் 'சுவிஸ் கிராண்ட் பிரீ' என்று ஒன்று நடந்ததே, அதுகூட பிரான்சின் டிஜோனில்தான்!

ஆனால் தடை, கார்கள் கும்பலாக ஒரே வட்டத்தில் சுற்றும் பந்தயத்துக்கு மட்டும். ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு, கடிகாரத்தோடு போட்டி போடும் மலையேற்றப் பந்தயமும் ரேலியும் தப்பித்துக்கொண்டன. ஜோ சிஃபர்ட், கிளே ரெகாசோனி மாதிரி சர்க்யூட் ஆசை உள்ளவர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள். உள்ளூரிலேயே வேகமாக ஓட்ட நினைத்தவர்களுக்கு மலைச்சாலைதான் கதி. ஜூராவிலேயே சான் உர்சான் முதல் லே ரான்ஜியே வரை பெயர்பெற்ற மலையேற்றப் பந்தயம் உண்டு. ஆகவே ஓட்டத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறு இடத்தில். சுவிட்சர்லாந்தில் பெரிய கார் கம்பெனி கிடையாது. கம்பெனி இல்லையென்றால், நம்ம பையன் என்று கைதூக்கிவிட ஃபேக்டரி டீமும் இல்லை. பக்கத்து பிரான்சைப் பாருங்கள். அங்கே கார் சங்கமே இளைஞர்களுக்குத் திறமைத் தேடல் போட்டி நடத்தும். பியூஜோவும் சிட்ரோயனும் உள்நாட்டிலேயே இருந்தன. லோப், ஓஜியே இருவருமே அந்தத் தேடல் வழியாக வந்தவர்கள்தான். அதே மலையின் இந்தப் பக்கம் பிறந்தவருக்கு அந்த ஏணி கிடைக்கவில்லை.

சரி, பிரைவேட்டராகவே ஓட்டலாம். எந்தக் காரில்? இது காலத்துக்குக் காலம் மாறியது. 1990களின் முதல் பாதியில் குரூப் ஏ விதி. பந்தயக் காரின் சாலை வடிவத்தைக் கம்பெனி ஆயிரக்கணக்கில் தயாரித்திருக்க வேண்டும். அதனால் ஃபோர்டு எஸ்கார்ட் காஸ்வொர்த் மாதிரி ஒரு காரைத் தனிமனிதர் வாங்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்ய முடிந்தது. 1997இல் 'வேர்ல்டு ரேலி கார்' விதி வந்தது. அப்படிப்பட்ட கார் ஷோரூமில் இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. பிரைவேட்டர் இனி பெரிய டீம்களிடமிருந்து வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். பெரும்பாலும் அவர்கள் ஓட்டி முடித்த பழைய மாடல்தான் கைக்கு வரும். 2013 வாக்கில் ஆர்5 ரகம், 1,80,000 யூரோ விலை உச்சவரம்போடு வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் சீரானது.

இப்போது என் தொழில் புத்திக்கு வருகிறேன். டேட்டாபேஸில் எட்டாவது இடம் என்று ஒரு வரி இருக்கிறது. உலகச் சாம்பியன்ஷிப்பில் அதற்கு எவ்வளவு மதிப்பு?

1996 வரை முதல் பத்து பேருக்குப் பாயின்ட். எட்டாவது ஆளுக்கு 3. 1997இல் ஆறு பேருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். எட்டாவது ஆளுக்கு 0. 2003இல் எட்டு பேராக்கினார்கள், அவருக்கு 1. 2010இல் மறுபடி பத்து பேர்; அவருக்கு 4. ஓட்டுநரும் அதே, மலையும் அதே, இடமும் அதே. மதிப்பு மட்டும் 3, 0, 1, 4 என்று ஆடுகிறது. போதாக்குறைக்கு, 2009 முதல் 2011 வரை மான்டே கார்லோ உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே இல்லை. ஐஆர்சி என்ற வேறு தொடரில் இருந்தது. அந்த மூன்று வருஷ உழைப்பு உலகப் பாயின்ட் கணக்கில் சேராது.

ஆக, 'கேரியர் பாயின்ட்' என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒரு பிரைவேட்டரை அளந்தால் தப்பு. ஏழாவது, எட்டாவது, பத்தாவது இடங்களில் வாழ்கிறவர்களைத்தான் விதி மாற்றம் அதிகமாகப் பாதிக்கும். ஜெயிக்கிறவருக்கு எப்போதும் முதல் பரிசுதான்.

நேரத்தை ஒப்பிடுவதிலும் வில்லங்கம் இருக்கிறது. மான்டே கார்லோவில் ஒரே ஸ்டேஜில் காய்ந்த தார் ரோடும் கண்ணாடி மாதிரி ஐஸும் மாறி மாறி வரும். ஸ்டேஜ் தொடங்கும் முன்பே பாதை பார்க்கிற ஆட்கள் போய், எந்த வளைவில் ஐஸ் என்று குறித்து வந்து கோ-டிரைவரிடம் கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் டயர் தேர்வு. பெரிய டீமுக்கு வானிலை பார்க்கத் தனி ஆட்களும் நிறைய டயர் ரகங்களும் உண்டு. பிரைவேட்டருக்கு நண்பர்களும் பட்ஜெட்டும். முன்னணி ஓட்டுநர்கள் முதலில் கிளம்புவார்கள். வளைவின் உள்பக்கத்தை வெட்டி ஓட்டி, சேற்றையும் கல்லையும் ரோட்டில் இழுத்துப் போடுவார்கள். பின்னால் வருகிறவர் ஓட்டுவது அதே ரோடு இல்லை. காரை மோதிவிட்டால் ரிப்பேர் பில்லும் அவர் தலையில். பிரேக்கை எங்கே மிதிப்பது என்ற முடிவிலேயே அந்த பில் உட்கார்ந்திருக்கிறது.

அதற்காகப் பிரைவேட்டர் ஜெயித்ததே இல்லை என்று அர்த்தமில்லை. 1978 மான்டே கார்லோவில் ஃபியட், லான்சியா ஃபேக்டரி டீம்கள் இருந்தும், அல்மேராஸ் சகோதரர்களின் போர்ஷே 911இல் ஷான் பியர் நிக்கோலா வென்றார். 1996இல் பெரும்பாலான ஃபேக்டரி டீம்கள் வராத வருஷத்தில், தனியார் எஸ்கார்ட்டில் பத்ரிக் பெர்னார்தினி வென்றார். அரிது, ஆனால் நடந்திருக்கிறது.

புர்ரி மாதிரி ஒருவரை எப்படி எடைபோடுவது? நான் பின்பற்றும் முறை இது. ஒட்டுமொத்த வரிசையை ஓரம் வையுங்கள். அதே ரகக் காரில் ஓடிய தனியார் ஓட்டுநர்களை மட்டும் பிரித்தெடுங்கள். நேர வித்தியாசத்தைக் கிலோமீட்டரால் வகுங்கள். 20 கிலோமீட்டர் ஸ்டேஜில் 30 விநாடி பின்தங்கினால், கிலோமீட்டருக்கு ஒன்றரை விநாடி. கடைசியாக, கிளம்பியதில் எத்தனை ரேலியை முடித்தார் என்று பாருங்கள். பில் கட்டுகிற ஆளுக்கு அது முக்கியமான எண்.

இருபது வருஷத்துக்கு மேல் ஒருவர் ஒவ்வொரு ஜனவரியும் பணம் புரட்டி அதே ஐஸ் மலைக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்றால், பாயின்ட் பட்டியலில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. கலந்துகொண்டவர்கள் பட்டியலில் மட்டும் இருக்கிறது. பழைய மான்டே கார்லோ பட்டியல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒரு வருஷத்தை எடுத்து, ஏழாவது இடத்திலிருந்து கீழே படித்துப் பாருங்கள்.