காரீயம் கலந்த பெட்ரோல்

வாகனத்தின் ஆற்றல் பெட்ரோலின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அதன் தரத்தையும் பொறுத்தது. இயந்திரத்தின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. அக்கலவை தீப்பொறியால் பற்றிச் சீராக எரிதல் வேண்டும். தரம் குறைந்த பெட்ரோலோ, தீச்சுடர் பரவி வருமுன்பே ஆங்காங்கே தானாக வெடிக்கிறது. அப்போது எழும் இடிப்பொலி, ஆற்றல் வீணாவதையும் இயந்திரம் சிதைவதையும் உணர்த்தும். இவ்விடிப்பைத் தாங்கும் திறனைக் குறிப்பதே ஆக்டேன் எண்.

டெட்ரா எத்தில் காரீயத்தைச் சிறிதளவு சேர்த்தால் இடிப்பு அடங்கும் என்பதை, 1921ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். வாகனங்களின் திறன் உயர்ந்தது. ஆயினும், புகையுடன் வெளியேறிய காரீயம் காற்றிலும் மண்ணிலும் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. புவிவேதியியல் அறிஞர் கிளேர் பேட்டர்சன், இம்மாசு பரவியிருப்பதை 1965இல் சான்றுகளுடன் எடுத்துரைத்தார்.

இந்தியா 2000ஆம் ஆண்டில் காரீயப் பெட்ரோலைக் கைவிட்டது. 2021இல் அல்ஜீரியாவும் கைவிடவே, சாலை வாகனங்களில் அதன் பயன்பாடு உலகெங்கும் முடிவுற்றது. இன்று எத்தனால் போன்றவை ஆக்டேன் எண்ணை உயர்த்துகின்றன. இயந்திரத்தின் இடிப்பை நொடியில் அடக்கிய ஒரு பொருளை முற்றிலும் விலக்க, மனித இனத்திற்கு நூறாண்டுகள் தேவைப்பட்டன.