சமாதியில் காது வைப்பவர்கள்

சென்னையைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் நம் தேனிப் பக்கத்து மக்கள் தவறாமல் செய்யும் காரியம் ஒன்றுண்டு. மெரீனாக் கடற்கரையில் உள்ள எம்.ஜி.ஆர். சமாதிக்குச் செல்வார்கள், குனிந்து அந்தக் கல்லின் மீது காதை வைப்பார்கள். அவர் கையில் எப்போதும் கட்டியிருந்த கடிகாரம் உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும், அதன் ஓசை கேட்கும் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. 1987ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அதிகாலையில் அவர் காலமானார். 35 ஆண்டுகளுக்கு மேலாகியும் காது வைப்பவர் வரிசை குறையவில்லை. கேட்டது என்று சொல்பவர்களும் உண்டு; கேட்காமல், கேட்டதாகத் தலையாட்டிவிட்டு வருபவர்களும் உண்டு.

திரைப்பட நடிகர் ஒருவரைப் பற்றி நம் குடும்ப இதழில் எழுதுவதா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதுவும் மதரஸாவில் பாடம் நடத்துகிறவன் எழுதலாமா என்றும் கேட்கக்கூடும். அவருடைய படங்களின் சிறப்பை ஆராய்வது என் நோக்கமன்று. இறந்துபோன ஒருவரை மக்கள் நினைத்த விதத்தைப் பற்றியே எழுத விழைகிறேன். மௌத் வராத வீடு இல்லை. துக்கத்திற்கு அளவு உண்டா, உண்டென்றால் அது எது என்பது நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் எப்போதாவது கேட்டே தீர வேண்டிய கேள்வி.

ஜெயமங்கலத்திலிருந்து கிழக்கே வைகை அணையைக் கடந்துவிட்டால் ஆண்டிபட்டிப் பக்கம் வந்துவிடும். எங்கள் ஊர் வராக நதியின் தயவில் நெல்லும் தென்னையுமாக இருப்பது. ஆண்டிபட்டிச் சுற்றுவட்டாரமோ பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. தறி நெய்து பிழைப்போர் மிகுந்த பகுதி. அந்தத் தொகுதிதான் 1984இல் உலகமே வியந்து பார்த்த தேர்தல் ஒன்றை நடத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். பக்கவாதத்தால் வீழ்ந்தார், நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனையில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. தந்தவர் அவருடைய அண்ணன் மகள் லீலாவதி. அந்த நிலையில் அவர் ஆண்டிபட்டியில் வேட்பாளர். தொகுதியின் மண்ணை மிதிக்கவில்லை; ஒரு சொல் பேசவில்லை. டிசம்பர் 24ஆம் நாள் வாக்குப்பதிவு நடந்தது, அவர் வென்றார்.

அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்ற ஐயம் அப்போது ஊரெங்கும் இருந்தது. ‘போய்விட்டார், மறைக்கிறார்கள்’ என்று ஒரு சாரார் பேசினர். அதற்கு மறுமொழியாக, அவர் மருத்துவமனையில் உண்பதையும் செய்தித்தாள் படிப்பதையும் காட்டும் படங்கள் நாளேடுகளில் வெளிவந்தன. வீடியோப் படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. 1985 பிப்ரவரியில் அவர் திரும்பி வந்து முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். மூன்றாண்டு கழிந்து, வாக்குப்பதிவு நடந்த அதே டிசம்பர் 24ஆம் தேதியில் மரணச் செய்தி வந்தபோது எங்கள் ஊரில் வயல்வேலை பார்த்த ஒரு மூதாட்டி அதை நம்ப மறுத்துவிட்டாராம். “அப்பவும் இப்படித்தான் செத்துட்டாருன்னாக. எந்திரிச்சு வரலையா?” என்று கேட்டாராம். என்னைவிட மூத்தவர்கள் இதை இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தோன்றவில்லை. ஒருமுறை பொய்யாய்ப் போன சாவுச் செய்தியை மறுமுறையும் பொய்யென்று அந்த அம்மாள் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இவ்வளவு பற்று எங்கிருந்து வந்தது? திரையில் ஏழைக்காகச் சண்டையிட்டார் என்பது மட்டும் போதாது. சண்டையிட்ட நடிகர்கள் பலர் உண்டு. 1917இல் இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கும்பகோணத்தில் தாய் பட்ட வறுமையைக் கண்டு, படிக்கும் பருவத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். பசி என்பது அவருக்குக் கதையில் வரும் சொல்லாக இருக்கவில்லை. 1982 ஜூலை முதல் நாள் அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பொருளியல் வல்லுநர்கள் வீண் செலவு என்றார்கள். பள்ளிக்கு வந்தால் ஒரு வேளைச் சோறு உறுதி என்ற நிலை, கூலிக்குச் செல்லும் தாய்க்கு என்ன நிம்மதியைத் தந்தது என்பதை அந்தத் தட்டை ஏந்தியவர்களைக் கேட்டால்தான் தெரியும். காமராசர் 1956இல் இட்ட விதை அது என்பதையும் சொல்லாமல் விடுவது முறையாகாது.

நம் சமூகத்துக்கும் அவருடைய படங்களுக்கும் இருந்த உறவைப் பலர் மறந்துவிட்டனர். ‘மந்திரி குமாரி’ (1950) படத்துக்குப் பாட்டெழுதியோருள் ஒருவர் கவி கா.மு. ஷெரீப். அவருக்குப் பெரும் திருப்பத்தைத் தந்த ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தின் வசனத்தில் கண்ணதாசனோடு பங்கு கொண்ட ரவீந்தர் நாகூரைச் சேர்ந்த முஸ்லிம். அது அவருடைய புனைபெயர். ‘குலேபகாவலி’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, ‘பாக்தாத் திருடன்’ என்று அரபு, பாரசீகக் கதைச் சூழலில் அமைந்த படங்களில் நடித்தவர், ‘சிரித்து வாழ வேண்டும்’ (1974) படத்தில் அப்துல் ரஹ்மான் என்ற பாத்திரத்தையும் ஏற்றார். பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் சினிமாவைக் கண்டித்துப் பயான் நடந்த காலம் அது. அதே ஊர்களின் கொட்டகைகளில் பகல் காட்சிக்கு வெள்ளைத் துப்பட்டிகள் வந்ததும் அதே காலந்தான். பயான் செய்தவர்களுக்கு அது தெரியாதென்று நான் எண்ணவில்லை.

இனி அந்த இரண்டு நாட்களுக்கு வருவோம். இராஜாஜி மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. மறுநாள் 25ஆம் தேதி கடற்கரையில், அண்ணா சமாதியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது. பெற்ற தந்தைக்குச் செய்வதுபோல் ஆயிரக்கணக்கானோர் தலையை மழித்துக்கொண்டனர். சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. இவையெல்லாம் காலப்போக்கில் ஆறக்கூடியவை. ஆறாதது வேறு. துக்கம் தாளாமல் முப்பது பேர் அளவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகப் பதிவுகள் உள்ளன. 1984இல் அவர் நோயுற்றபோதே தீக்குளித்தவர்கள் உண்டு. தலைவருக்காக உயிர் நீத்தவர் என்று சுவரொட்டியில் அவர்களைப் போற்றினார்கள். சுவரொட்டி மழையில் கிழிந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிந்ததா என்று பார்க்கப் போனவர் எத்தனை பேர்? கணவனை நெருப்புக்குக் கொடுத்த பெண்ணுக்கு எம்.ஜி.ஆர். இறந்த துக்கமா முதலில் இருந்திருக்கும்? இதை எழுதும்போது என் கை சற்று நிற்கிறது.

மனித மனம் பேரிழப்பின் முன் தடுமாறுவது புதிதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்த அன்று மதீனாவில் நடந்ததை நாம் குழந்தைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். உமர் (ரலி) போன்ற உறுதியான மனிதரே, நபியவர்கள் இறக்கவில்லை, திரும்பி வருவார்கள் என்று உரத்துச் சொல்லி, மறுத்தவர்களை அச்சுறுத்தினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து, முஹம்மதை வணங்கியவர்களுக்கு அவர் இறந்துவிட்டார், அல்லாஹ்வை வணங்குபவர்களுக்கு அவன் என்றும் இருப்பவன் என்ற கருத்தை எடுத்துரைத்து, இறைவசனத்தையும் ஓதிக் காட்டிய பின்னரே உமர் (ரலி) அவர்களின் கால்கள் தளர்ந்தன. நபிகளாரோடு ஒரு நடிகரை ஒப்பிடுவதற்காக இதை நான் எழுதவில்லை, அஸ்தஃபிருல்லாஹ்! ஜெயமங்கலத்து மூதாட்டியின் மறுப்பை ஏளனம் செய்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அழுவதை மார்க்கம் தடுக்கவில்லை. நபியவர்கள் தம் குழந்தை இப்ராஹீமின் பிரிவில் கண்ணீர் சிந்தினார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், நாவோ இறைவனுக்கு உவப்பானதையே சொல்லும் என்ற பொருளில் மொழிந்தார்கள். அன்று சூரிய கிரகணம் வந்தது. குழந்தையின் மரணத்தால்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சை அப்படியே விட்டிருந்தால் யாருக்கு என்ன நட்டம்? தலைவர்களைச் சுற்றி இருப்பவர்கள் இத்தகைய பேச்சை வளர்க்கத்தான் பார்ப்பார்கள். நபியவர்களோ, எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் அடைவதில்லை என்று உடனே திருத்தினார்கள்.

பெண்மக்களுக்கு இன்னொரு செய்தி. கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள். மற்றெவர் இறந்தாலும் துக்கம் காப்பது மூன்று நாளுக்கு மேல் கூடாது. அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள், தந்தை அபூசுஃப்யான் மறைந்து மூன்று நாள் ஆனதும் நறுமணத்தைக் கொண்டுவரச் செய்து பூசிக்கொண்டார்கள். அப்போது நறுமணத்தில் தமக்கு நாட்டமில்லை என்றும், நபியவர்களின் சொல்லுக்காகவே பூசுவதாகவும் கூறினார்கள். நாட்டமில்லாமலேயே எழுந்து பூசிக்கொண்டார்களே, அதில்தான் பாடம் இருக்கிறது. மனம் ஆறும்வரை காத்திருந்தால் வீடு காத்திருக்காது.

இவற்றையெல்லாம் அறிந்த சமூகம் நாம். ஆகவே நமக்கு இந்த நோய் இல்லை என்று இறுமாந்திருக்க வேண்டாம். 1975 பிப்ரவரியில் எகிப்தின் பாடகி உம்மு குல்தூம் இறந்தபோது, கெய்ரோ மக்கள் ஜனாஸாவைத் தூக்கி வந்தவர்களிடமிருந்து பறித்துத் தம் தோள்களில் சுமந்து தெருத் தெருவாகச் சென்றார்கள். 1977இல் பாடகரும் நடிகருமான அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் இறந்தபோது இளம்பெண்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவே செய்திகள் வந்தன. எம்.ஜி.ஆர். சமாதியில் காது வைப்பவரைப் பார்த்துச் சிரிக்குமுன், நம்முடைய தர்காக்களின் கப்ருகளில் நாம் செய்வதையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

நினைவு என்பது எல்லாவற்றையும் நினைப்பதில்லை. திரையில் அவர் மது அருந்தமாட்டார், புகைக்கமாட்டார். ஆனால் 1981இல் மதுவிலக்கைத் தளர்த்தியது அவருடைய அரசு. 1983இல் ‘டாஸ்மாக்’ நிறுவனம் பிறந்ததும் அவருடைய ஆட்சியில்தான். குடியால் தாலியிழந்த பெண்களும் அவர் படத்துக்கு மாலையிட்டார்கள். ஏழைகளின் வாழ்வு பெரிதும் உயராத ஓர் ஆட்சியை ஏழைகளே எவ்வாறு போற்றினார்கள் என்ற கேள்வியை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் ஆராய்ந்தார். திரைப் பிம்பத்தில் மக்கள் சிக்கினர் என்பது அவர் கண்ட முடிவு. அதில் பெருமளவு உண்மை உண்டு. முழு உண்மை என்று ஒப்ப எனக்கு மனம் வரவில்லை, காரணம் ஆண்டிபட்டியே. 1989 தேர்தலில் அவருடைய மனைவி ஜானகி அம்மையார் அதே தொகுதியில் நின்றார். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தவருக்கு வாக்களித்த மக்கள், நேரில் வந்து நின்ற அம்மையாரைத் தோற்கடித்தார்கள். பிம்பத்தில் கட்டுண்டு கிடப்பவர்கள் இவ்வளவு கணக்குப் பார்ப்பார்களா?

எங்கள் ஊரில் எழுபது வயதைக் கடந்த தையற்கார பாய் ஒருவர் இருக்கிறார். அவருடைய வீட்டில் உருவப்படம் கிடையாது, வீட்டம்மா அனுமதிப்பதில்லை. கடையின் மேசை இழுப்பறையில், அளவு நாடாவுக்கும் பொத்தான் டப்பாவுக்கும் அடியில், பழுப்பேறிய எம்.ஜி.ஆர். படம் ஒன்று கிடக்கிறது. டிசம்பர் 24 வந்தால் அன்றைய வருமானத்தை எவருடைய வீட்டுக்காவது அரிசியாகக் கொடுத்துவிடுவார், விளம்பரம் கிடையாது. ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். “அஜரத், இருபது வயசுல அவரு படத்தைப் பாத்துட்டுத்தான் பீடியை விட்டேன். இத்தனை வருசம் நெஞ்சு நல்லாருக்கு. செஞ்ச உதவியை நெனைக்கப்படாதா?” என்றார். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவன் என்ற நபிமொழியை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை. யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்ட செய்தியை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இழுப்பறையைச் சாத்தினார்.

1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்து அவருடைய குரலைக் கெடுத்தது. 1984இல் வந்த நோய் எஞ்சியிருந்த பேச்சையும் குளறச் செய்தது. அவர் எழுதிவைத்த உயிலின்படி, அவர் வாழ்ந்த இராமாவரம் தோட்டத்தில் 1990இல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. கடற்கரைச் சமாதிக்குப் போல் அங்கே சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்பதில்லை. காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.