அரை வாளித் தண்ணீரில் முழுக் காரும் பளபளக்கும்... தெரியுமா?

ஹோஸ் பைப் வேண்டாம். பொங்கி வழியும் நுரை வேண்டாம். துடைத்து முடித்த பிறகு மேலே ஊற்றி அலசுவதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். அரை வாளி, அதாவது ஏழெட்டு லிட்டர் தண்ணீர் இருந்தால் போதும், ஒரு காரைக் கூரை முதல் கதவின் அடிப்பகுதி வரை சுத்தம் செய்துவிடலாம்! அதுவும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், தரையில் தண்ணீர் ஓடாமல்! இதற்குப் பெயர் ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’. இதற்குப் பின்னால் இருக்கும் ஆச்சரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல!

1 பங்குக்கு 256 பங்கு... தெரியுமா?

இதற்காகத் தண்ணீரில் கலக்கும் திரவங்களில் உலகம் முழுக்கக் கார் பிரியர்களிடம் பேர் வாங்கியது ‘ஆப்டிமம் நோ ரின்ஸ்’. அமெரிக்காவில் பாலிமர் வேதியியலாளர் டேவிட் கொதூசி தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு இது. நீல நிறத் திரவம். எவ்வளவு ஊற்ற வேண்டும்? 1 பங்கு திரவத்துக்கு 256 பங்கு தண்ணீர்! 4 லிட்டருக்குச் சுமார் 15 மில்லி, அரை வாளிக்கு 30 மில்லி. அந்தக் கணக்கில் அரை லிட்டர் பாட்டில் 16 தடவை கழுவ வரும். ‘கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகப் பளபளக்கும்’ என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அளவு மீறினால் காய்ந்ததும் திட்டுத் திட்டாகக் கோடு தெரியும். வேறு ஷாம்புவையும் இதோடு கலக்கக் கூடாது.

நுரை வராததுதான் இதன் சிறப்பு... தெரியுமா?

நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நம்பிப் பழகிவிட்டோம். ஆனால் நுரை வந்தால் அதை அலச வேண்டும், அலசுவதற்குத்தான் தண்ணீர் வாளி வாளியாகச் செலவாகும்! ரின்ஸ்லெஸ் திரவத்தில் நுரை மிகக் குறைவு. அதில் உள்ள சர்ஃபாக்டன்ட்கள் தூசியைப் பெயின்ட்டிலிருந்து இளக்கிவிடும். பாலிமர்கள் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துகொண்டு, துகளுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் வழுக்கலான படலமாக நிற்கும். துணி வந்து தொட்டதும் துகள் உராயாமல் வழுக்கி, துணியின் இழைகளுக்குள் போய்விடும். துடைத்த பிறகு பெயின்ட்டின் மேல் தங்கும் மெல்லிய பாலிமர், அலச வேண்டிய சோப்பு அல்ல. மினுமினுப்பைத் தருவதே அதுதான்!

உங்கள் காரின் கவசம் எவ்வளவு மெல்லியது தெரியுமா?

பெயின்ட்டுக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அதுதான் ‘கிளியர் கோட்’. வெயில், மழை, காக்கை எச்சம் எல்லாவற்றையும் தாங்குவது அதுவே. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு! சாலைத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலோ, மோஸ் கடினத்தன்மை அளவில் 7. கண்ணாடியையே கீறக்கூடியது! காலையில் உலர்ந்த மஞ்சள் துணியால் ‘சும்மா தூசி தட்டி விடுகிறேன்’ என்று பானட்டைத் தேய்க்கும்போது, அந்த மணலைக் கொண்டே பெயின்ட்டைத் தேய்க்கிறோம். காருக்கு நாம் அன்றாடம் செய்யும் பெரிய கெடுதல் அதுதான்!

வட்ட வட்டக் கீறல்கள் வட்டமே இல்லை... தெரியுமா?

கறுப்புக் காரின் மேல் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். டார்ச்சை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும்! உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால், அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. இதற்குப் பெயர் ‘ஸ்விர்ல் மார்க்’. பாலிஷ் போட்டு இதைப் போக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த 50 மைக்ரானில் கொஞ்சத்தைச் சுரண்டித்தான் எடுக்கிறது. கீறலே விழாமல் கழுவுவதுதான் லாபம்!

9 கிலோமீட்டர் இழை, எடை 1 கிராம்கூட இல்லை... தெரியுமா?

இந்த வித்தையில் பாதிப் பெருமை மைக்ரோஃபைபர் துணிக்குப் போக வேண்டும். 9,000 மீட்டர் இழையின் எடை 1 கிராம் என்றால் அது 1 டினியர். அதைவிட மெல்லிய இழைதான் மைக்ரோஃபைபர்! 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய ‘அல்ட்ராஸ்வேட்’ இந்த இழை உலகின் முன்னோடி. இன்று நாம் வாங்கும் துணியில் பாலியஸ்டரும் பாலியமைடும் ஒரே இழையாக நூற்கப்பட்டு, பிறகு நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளக்கப்படுகின்றன. அந்தக் கீற்றுகளின் இடுக்கில்தான் தூசி போய் மாட்டிக்கொள்கிறது.

இந்தத் துணிகளைத் துவைக்கும்போது கவனம். ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றினால் இடுக்குகள் அடைபட்டு, துணி தண்ணீரை உறிஞ்சவே மறுக்கும். பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்செல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு துணிக்கு எட்டு முகம்... தெரியுமா?

துணியை இரண்டு தடவை மடியுங்கள். மாற்றி மாற்றி மடித்தால் 8 சுத்தமான பக்கங்கள் கிடைக்கும்! எட்டுத் துணிகளை வாளியில் ஊறப் போட்டால் 64 பக்கங்கள். துடைப்பதில் இதுதான் சூட்சுமம். காரை நிழலில் நிறுத்தி, பானட் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். அதே கரைசலைத் தெளிப்பானில் நிரப்பி ஒரு கதவின் மேல் தெளித்து, ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய துணியை லேசாகப் பிழிந்து, அழுத்தம் கொடுக்காமல், அதன் எடையிலேயே நேர்க்கோட்டில் ஒரே இழுப்பு. திருப்பிப் பாருங்கள்: வெள்ளைத் துணி பழுப்பாகியிருக்கும்! உடனே அடுத்த பக்கம். அழுக்குப் பிடித்த பக்கம் மறுபடி பெயின்ட்டைத் தொடக் கூடாது. அழுக்கான துணி மறுபடி வாளிக்குள் போகவும் கூடாது. அந்தக் கதவு காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போங்கள். கூரை, கண்ணாடி, பானட், டிக்கி, கதவு, பம்பர் என்று மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்குப் பழைய துணி, அதுவும் கடைசியில்!

போர் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிகளுக்கும் இதில் விடை... தெரியுமா?

உப்புத் தண்ணீரில் கழுவிய கார் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். நீர் ஆவியாகிவிட, அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் பெயின்ட்டிலேயே தங்கிவிடுவதுதான் காரணம். ரின்ஸ்லெஸ் முறையில் காரின் மேல் படும் தண்ணீரே சொற்பம். அதையும் காயவிடாமல் உடனுக்குடன் துடைத்துவிடுகிறோம். புள்ளி விழ வாய்ப்பு எங்கே?

இது ஒத்துவராத கார்களும் உண்டு... தெரியுமா?

செம்மண் சாலையில் மழைக்கு ஓடி, சேறு கட்டியாக அப்பியிருக்கிறதா? அப்போது துணியே படக் கூடாது! முதலில் வாட்டர் சர்வீஸ் விட்டுச் சேற்றை இறக்கிவிட்டு, பிறகு ரின்ஸ்லெஸ். நகரத்துத் தூசிக்கும் வாரம் ஒருமுறைப் பராமரிப்புக்கும்தான் இந்த முறை ராஜா. கனடா போன்ற குளிர் தேசங்களில், வெளியே ஹோஸ் பிடித்தால் தண்ணீர் உறைந்துவிடும் நாட்களில், கராஜுக்குள்ளேயே இதமான சுடுநீரில் இப்படித்தான் கழுவுகிறார்கள்!

கார் கழுவினால் அபராதம்... தெரியுமா?

2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. குழாய்த் தண்ணீரில் கார் கழுவத் தடை! பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. நம் சென்னையில் 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என ஏரிகள் வறண்டுபோக, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஹோஸில் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும், 15 நிமிடத்தில் 150 லிட்டர். அந்த ஒரு ரயில் தண்ணீரில் இப்படிக் கழுவினால் சுமார் 16,600 கார்கள் கழுவலாம். காருக்கு 8 லிட்டர் என்றால்? 3 லட்சத்து 12 ஆயிரம் கார்களுக்கு மேல்!

பெயின்ட்டைக் காப்பாற்றுவது தண்ணீரின் அளவு அல்ல, மணல் உராயாமல் பார்த்துக்கொள்ளும் வழுக்கலும் சுத்தமான துணியும்தான். அந்த இரண்டும் இருந்தால் கார் புதுசாகவே இருக்கும், மிச்சமாகும் 140 லிட்டர் தொட்டியிலேயே இருக்கும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு குடியிருப்பும் இந்த வாரமே முயன்று பார்க்க வேண்டிய வித்தை இது!