கண்ணாடிப் பேழையும் பசையும்

1999-இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தில், வுடி என்னும் கௌபாய்ப் பொம்மையை ஜப்பானியக் காட்சிசாலை ஒன்றுக்கு விற்கக் கருதிய வியாபாரியின் ஏற்பாட்டால், அதன் காலணியின் அடியில் எழுதப்பட்டிருந்த ஆண்டி என்ற சிறுவனின் பெயர் வர்ணம் பூசி மறைக்கப்படுவதும், பின்னர் வுடியே அவ்வர்ணத்தைச் சுரண்டியெடுத்து அப்பெயரை மீட்பதும் நெஞ்சை உருக்கும் காட்சிகளாகும். 2014-இல் வந்த ‘தி லெகோ மூவி’யிலோ, தாம் லெகோ விளையாட்டுக் கட்டைகளால் கட்டிய நகரம் என்றும் கலையாதிருக்க வேண்டுமென்று அவற்றைப் பசையிட்டு ஒட்டத் துணிந்த தந்தை, மகனின் விளையாட்டைக் கண்டு மனம் மாறுகிறார். குழந்தையின் கை படாமல் பத்திரப்படுத்தப்படுவதே பொம்மைக்கு நேரும் பெருந்துன்பம் என்னும் உன்னதமான கருத்தில், வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த இவ்விரு படங்களும் ஒன்றுபடுகின்றன. விடுமுறை நாளொன்றில் குழந்தைகளோடு அமர்ந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டு மகிழுங்கள்.